மெக்ஸிகோ நாட்டுப் புனித மரண வழிபாடு

ஒரு சமயத்தின் வரலாற்றை அறிய விரும்புவார் பெரும்பாலும் அச்சமயத்தின் கோயில்களையும், மடங்களையும், நூல்களையும், ஆசிரியர் பரம்பரையையுமே ஆராய்வர். ஆயின், நூலுமின்றிக் குருவுமின்றி அரசின் துணையுமின்றிப் பொதுமக்கள் உள்ளத்திலே தோன்றி, அவர்தம் வீட்டு மூலைகளிலே வளர்ந்த வழிபாடுகளும் உலகிற் பல உள. அவற்றைப் பற்றி எழுதி வைத்தோர் அவற்றைப் போற்றியவர் அல்லர். பெரும்பாலும் அவற்றை ஒழிக்கப் புகுந்தவரே. ஆதலின், அவ்வெழுத்தைக் கொண்டு வரலாறு காண்பார் இருமடங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக, மெக்ஸிகோ நாட்டில் 'சாந்தா முயெர்த்தே' என்னும் பெயரால் வழங்கும் வழிபாட்டின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

முதற்கண் பெயரை ஆராய்வோம். 'சாந்தா' என்பது 'புனிதமான' எனப் பொருள்படும் ஸ்பானியப் பெண்பாற் சொல். 'முயெர்த்தே' என்பது மரணம். ஆகவே அத்தொடர்க்குப் 'புனித மரணம்' என்பது பொருளாம். கூற்றுவன், காலன், நமன் என்று நாம் மரணத் தெய்வத்தை ஆண்பாலாற் கூறுகின்றோம். ஸ்பானிய மொழியிலோ மரணம் என்னும் சொல்லே பெண்பாலாதலின், அந்நாட்டார் அதனைப் பெண்ணுருவாகவே எண்ணுவர். எனினும் சொல்லின் பால் ஒன்றே இதற்குக் காரணம் என்று துணிதல் இயலாது. என்னை? அதே ஸ்பானிய மொழி வழங்கும் ஆர்ஜென்டீனா, பராகுவே நாடுகளில் 'சான் லா முயெர்த்தே' என்றும், குவாத்தமாலாவில் 'சான் பாஸ்குவால் ரெய்' என்றும் வணங்கப்படும் எலும்புருவங்கள் ஆண்பாலாகவே கொள்ளப்படுகின்றன. மெக்ஸிகோ மக்கள் மட்டும் மரணத்தைப் பெண்ணாக்கி, அவளோடு உறவாடும் முறையில் 'வெள்ளைச் சிறுமி' என்றும், 'மெலிந்தவள்' என்றும், 'எலும்புக்காரி' என்றும் செல்லப்பெயரிட்டு அழைக்கின்றனர். அச்சம் விளைக்கும் பொருளுக்கு அன்புப் பெயர் இடுதல் இவ்வழிபாட்டின் முதல் இயல்பாகும்.

இனி அவள் உருவத்தைக் கூறுவோம். அஃது ஓர் எலும்புக்கூடு. அதற்கு நீண்ட அங்கி அணிவிப்பர்; சிலர் மணமகள் உடை உடுத்திப் பொய்ம்மயிரும் நகையும் பூட்டுவர். ஒரு கையில் நீண்ட பிடியமைந்த அரிவாள். மற்றொரு கையில் உலக உருண்டையேனும் துலாக்கோலேனும் இருக்கும். அருகில் மணற் கடிகையும் கூகையும் காணப்படும். உயிர்ப்பயிர் அறுபடுதலை அரிவாளும், அவள் ஆணை செல்லும் எல்லையை உலக உருண்டையும், நடுவுநிலைமையைத் துலாக்கோலும், வாழ்நாளின் அளவை மணற் கடிகையும் குறிக்கும் என்பர். நவம்பர் முதலிரு நாள்களில் மெக்ஸிகோவில் நடைபெறும் இறந்தோர் திருநாளில் எங்கும் காணப்படும் எலும்புப் பாவைகளும், 1913-இல் மறைந்த ஓவியர் ஹோசே குவாதலூப்பே போசாதா வரைந்த தொப்பியணிந்த எலும்புச் சீமாட்டியும் வேறு, இவள் வேறு. அவை நினைவுக்கும் நகைச்சுவைக்கும் உரியவை. இவளோ வேண்டுதல் கேட்டு வரமருளும் தெய்வமாகக் கொள்ளப்படுபவள்.

இவ்வழிபாடு எங்கிருந்து தோன்றியது என்னும் வினாவிற்கு இருதிறப்பட விடை கூறுவர். ஸ்பானியர் வருதற்கு முன் அந்நாட்டை ஆண்ட அஸ்தெக்கர், மிக்த்லான் என்னும் கீழுலகையும், அதனை ஆளும் மிக்த்லான்தெகூத்லி, மிக்தெகசீவாத்ல் என்னும் எலும்புருவத் தெய்வத் தம்பதியரையும் நம்பினர். 1521-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் அவர்தம் இறுதி வேந்தன் குவாவ்தேமோக் ஸ்பானியரிடம் அகப்பட்டான், அரசு வீழ்ந்தது, கோயில்கள் இடிக்கப்பட்டன. அன்று மறைந்த அக்கீழுலக அரசியே இன்று வேற்றுருவில் வெளிப்பட்டாள் என்பது ஒரு சாரார் கொள்கை. மற்றொரு சாரார் இதனை ஒப்பார். ஐரோப்பாவில் 1347 முதல் 1351 வரை பரவிய பெருங்கொள்ளைநோயில் எண்ணிறந்த மக்கள் மாண்டனர். அதன்பின் அரசனையும் ஆண்டியையும் கைபற்றி ஆடச்செய்யும் எலும்புக்கூட்டு ஓவியங்கள் அங்கே பெருகின. அரிவாள் ஏந்திய அவ்வுருவத்தையே ஸ்பானியப் பாதிரிமார் கடல் கடந்து கொணர்ந்தனர் என்பது இவர் கூற்று.

பொருள்களை நோக்குமிடத்து இரண்டாவது கூற்றே வலியுடைத்து. நீண்ட அரிவாளும் துலாக்கோலும் மணற் கடிகையும் ஐரோப்பியக் கருவிகள். பெயரும் ஸ்பானியப் பெயர். கத்தோலிக்கர் நல்ல மரணம், புனித மரணம் எய்தும்படி இறைவனை வேண்டும் வழக்கம் உடையர். பாவம் நீங்கி அருள்நிலையில் உயிர் விடுதலையே அச்சொல்லால் அவர் குறித்தனர். நிலையைக் குறித்த அச்சொல்லைப் பொதுமக்கள் ஓர் ஆளின் பெயராகக் கொண்டனர் என்று கருத இடமுண்டு. பாதிரியார் எச்சரிக்கைக்காகக் காட்டிய படத்தில் மக்கள் ஒரு தெய்வத்தைக் கண்டனர். இவ்வாறு காணும் பழக்கம் அவர்க்குப் பழஞ்சமயத்திலிருந்து வந்ததாகலாம் என்ற அளவில் முதற்சாரார் கூற்றையும் தள்ளிவிடுதற்கில்லை.

இவ்வழிபாட்டைப் பெயர் சுட்டிக் கூறும் பழஞ்சான்றுகளுள் தலையாயது 1797-ஆம் ஆண்டினது. அது மெக்ஸிகோவில் 1571-இல் நிறுவப்பெற்ற திருச்சபை விசாரணை மன்றத்துச் சுவடிகளுள் உள்ளது. குவானஹுவாத்தோ பகுதியிலுள்ள சான் லூயிஸ் தெ லா பாஸ் என்னும் ஊரில் பழங்குடியினர் இரவில் சிற்றாலயத்திற் கூடி, பெயோத்தே என்னும் மயக்கந்தரும் கள்ளியை உட்கொண்டு, மெழுகுதிரிகளைத் தலைகீழாக ஏற்றி, 'சாந்தா முயெர்த்தே' என்று தாம் அழைத்த உருவத்தை நனைந்த கயிற்றாற் கட்டி, அற்புதம் செய்யாவிடின் அடித்து எரித்துவிடுவோம் என்று அச்சுறுத்தினர் என அச்சுவடி கூறும். எழுதியவர் இதனைப் பேய்த்தொழில் என்றே கொண்டார். ஆயினும் நடுநின்று நோக்குவார்க்கு வேறொன்றும் புலனாகும். தம் சொல்லை ஒரு தெய்வம் கேட்கும் என்னும் துணிபு இல்லாதார் அதனை அச்சுறுத்தார். அரசனிடமும் பாதிரியாரிடமும் உரத்துப் பேச இயலாத மக்கள், உரத்துப் பேசுதற்கு ஒரு தெய்வத்தைத் தமக்கென வைத்திருந்தனர் என்பதே அச்சான்றின் உட்பொருள்.

அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இவள் வீட்டு அறைகளிலே மறைந்து வாழ்ந்தாள். மீண்டும் நூல்களில் வெளிப்படுங்கால் அவள் பெண்களின் துணையாகத் தோன்றுகின்றாள். பிரான்சஸ் டூர் என்னும் அம்மையார் மெக்ஸிகோ நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1947-இல் வெளியிட்ட நூலில், இவளை நோக்கிய வேண்டுதல் ஒன்று காணப்படுகின்றது. 1961-இல் ஆஸ்கார் லூயிஸ் வெளியிட்ட 'சான்செஸின் மக்கள்' என்னும் புகழ்பெற்ற நூலிலும், மெக்ஸிகோ நகரத்து ஏழைக் குடியிருப்பில் வாழ்ந்த பெண்ணொருத்தி, பிரிந்த கணவனை மீட்க நள்ளிரவில் திரியேற்றி ஒன்பது நாள் இவளை வேண்டும் முறையைக் கூறுகின்றாள். அக்காலத்துக் கணவன் கைவிட்ட ஏழைப்பெண் எவரிடம் முறையிடுவாள்? நீதிமன்றம் செல்லப் பொருளில்லை. பாதிரியாரிடம் சென்றால் பொறுத்திரு என்பார். எந்த ஆடவனும் தப்ப இயலாத ஒருத்தியிடம் அவள் முறையிட்டாள். இதிற் பெரியதோர் அறிவு உண்டு.

இவ்வமைதியான வழிபாட்டிற்கு இழிபெயர் உண்டாக்கியது 1998-ஆம் ஆண்டு. செல்வரைக் கடத்திச் சென்று, அவர்தம் காதை அறுத்து உறவினர்க்கு அனுப்பிப் பணம் பறித்த 'காதறுப்பான்' தானியேல் அரிஸ்மெந்தி அவ்வாண்டு ஆகஸ்டில் பிடிபட்டான். அவன் வீட்டில் இவள் உருவம் இருந்தது. செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக எழுதின. அன்று முதல் புனித மரணம் என்றால் கொள்ளையர் தெய்வம் என்னும் எண்ணம் நாடெங்கும் வேரூன்றியது. அவனுக்கு முன் அரை நூற்றாண்டாக அவளை வேண்டிய பெண்களைப் பற்றி எவரும் எழுதினாரல்லர்.

இந்நிலையில் மெக்ஸிகோ நகரத்துத் தெப்பீத்தோ பகுதியில் ஒரு பெண்மணி செய்த செயல் வரலாற்றை மாற்றியது. தெப்பீத்தோ சந்தைக் கடைகளுக்கும் குத்துச்சண்டை வீரர்க்கும் பெயர் பெற்ற ஏழை மக்கள் வாழிடம். முரட்டுப் பேட்டை என்று பிறர் அழைக்கும் இடம். அங்குள்ள அல்ஃபரேரியா தெருவில், பாலடைக்கட்டி வைத்த மக்காச்சோள அடை விற்று வாழ்ந்த என்ரிக்கேத்தா ரொமேரோ என்பார் தம் வீட்டினுள்ளே இவளை வணங்கி வந்தார். தம் மகன் கொணர்ந்து கொடுத்த ஆளுயர உருவத்தை, 2001-ஆம் ஆண்டு இறந்தோர் திருநாளை ஒட்டி, அவர் தெருவிலுள்ளார் காணுமாறு வெளியே நிறுத்தினார். இவ்வளவே அவர் செய்தது. மேற்றிராணியாரின் இசைவு கேட்டாரில்லை, சங்கம் அமைத்தாரில்லை, கொள்கை வகுத்தாரில்லை. வீட்டினுள் இருந்தது தெருவிற்கு வந்தது. மாதந்தோறும் முதல் நாளில் அங்கு ஜெபமாலை சொல்லும் வழக்கம் ஏற்பட்டு, ஆயிரக்கணக்கானோர் கூடலாயினர். சிலர் தம் நேர்த்திக்கடனைச் செலுத்தத் தெருவில் முழந்தாளிட்டே ஊர்ந்து வந்தனர்.

அவள் முன் படைக்கும் பொருள்களும் எளியனவே. ஒரு குவளை நீர், மலர், ஆப்பிள், ரொட்டி, மிட்டாய் ஆகியவற்றோடு, கற்றாழையை ஒத்த ஒருவகைச் செடியினின்று வடிக்கும் டெக்கீலா என்னும் மதுவும் வைப்பர். சிகரெட்டுப் புகையை அவள் முகத்தில் ஊதுவர். தாம் உண்பதையும் குடிப்பதையுமே அவட்கும் தருகின்றனர் என்க. ஏற்றும் திரிகளின் நிறத்திற்கு ஏற்ப வேண்டுதல் வேறுபடும். செந்நிறம் காதலுக்கும், பொன்னிறம் பொருளுக்கும், பச்சை வழக்கில் நீதிக்கும், ஊதா நோய் நீங்குதற்கும், வெண்மை தூய்மைக்கும் நன்றிக்கும், கருமை பகைவரிடமிருந்து காவலுக்கும் உரியன. கருந்திரி பிறர்க்குக் கேடு சூழ்தற்கும் ஏற்றப்படுவதுண்டு. செய்தித்தாள்களிற் பேசப்படுவது கருந்திரி ஒன்றே. நோயும் வேலையும் குடும்பமுமாகிய நாட்கவலைகளுக்கு ஏற்றும் பிற திரிகளைப் பற்றி அவை பேசுவதரிது. இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 2012-இல் நூல் வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூ செஸ்நட், திரிகளின் நிறத்தையே தம் நூலுக்கு வகுப்பு முறையாகக் கொண்டார். அடியார் தொகை ஒரு கோடிக்கு மேற்படும் என்பது அவர் மதிப்பு.

வந்து வணங்குவோர் யாவர்? சந்தை வணிகர், வாடகை மோட்டார் ஓட்டுநர், விலைமகளிர், சிறையிலிருப்போர், சிறையிலிருப்போரின் தாய்மார் ஆகியோர் வருகின்றனர். அவரை மட்டும் கூறி நிறுத்துதல் நேர்மையன்று; காவலரும் போர்வீரரும் சிறைக்காவலரும் அவளையே வணங்குகின்றனர். 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து பலர் தொழிலிழந்தனர். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் கால்தெரோன் போதைப்பொருள் வணிகர்க்கு எதிராகப் படையை ஏவினார். அதன்பின் கொலையும் கடத்தலும் பெருகின. காணாமற் போனோர் பதிவேட்டில் உள்ள பெயர்கள் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் 1,00,000-ஐக் கடந்தன. வீட்டினின்று புறப்பட்ட மகன் மாலையில் திரும்புவானோ என்று அஞ்சும் தாய், அஞ்சப்படும் மரணத்தையே துணைக்கு அழைக்கின்றாள். என் மகனை இன்று தொடாதே என்று மரணத்திடமே கேட்டல் அவட்கு நேர்வழியாகத் தோன்றுகின்றது.

அரசும் திருச்சபையும் இவ்வழிபாட்டை நடத்திய முறையை இனிக் காண்போம். தாவீத் ரோமோ என்பார், உரோமாபுரியோடு தொடர்பில்லாத தம் திருச்சபையில் இவ்வழிபாட்டைச் சேர்த்துக்கொண்டு தம்மைப் பேராயர் என அழைத்துக் கொண்டார். 2003-இல் அரசு அச்சபையைப் பதிவு செய்தது. 2005-இல் அப்பதிவை நீக்கியது. எலும்புருவத்தை மேலோர் வெறுத்தலின், 2007-இல் அவர் பெண்முகமுடைய தேவதூதை உருவொன்றைச் செய்து வைத்தார். மக்களோ எலும்புக்காரியை விட்டாரில்லை. பின்னர் அவர் ஆட்கடத்தல் வழக்கிற் சிக்கி, 2012-இல் 66 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தலைவர் வீழ்ந்தும் வழிபாடு வீழவில்லை. அது தலைவரால் உண்டானதன்று ஆதலின். 2009-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அமெரிக்க எல்லையை அடுத்த நுவேவோ லாரேதோ நகரில் படைக்காவலுடன் 30-க்கு மேற்பட்ட சிற்றாலயங்கள் இடிக்கப்பட்டன. இடித்த பின்னர் வழிபாடு குறைந்ததில்லை.

திருச்சபையின் மறுப்பு கொள்கை பற்றியது. அதனை எளிதில் தள்ளுதல் கூடாது. அர்ச்சியசிஷ்டவர் என்பார் மனிதராய்ப் பிறந்து, தூய வாழ்க்கை நடத்தி இறைவனை அடைந்தோர். மரணமோ பிறந்ததுமில்லை, வாழ்ந்ததுமில்லை. மேலும், கிறிஸ்து உயிர்த்தெழுந்து வென்ற பகையே மரணம் என்பது அவர்தம் சமயத்தின் அடிப்படை. வெல்லப்பட்ட பகையை வணங்குதல் எங்ஙனம் பொருந்தும்? 2013-ஆம் ஆண்டு உரோமாபுரிக் கர்தினால் ராவாசி இதனைத் தெய்வநிந்தனை என்றார். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெக்ஸிகோ சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், மேற்றிராணிமார் கூட்டத்தில் மரணச் சின்னங்களைத் தழுவுவோரைக் குறித்துக் கவலை தெரிவித்தார். அடியார்களோ தம்மைக் கத்தோலிக்கர் என்றே கூறிக்கொள்கின்றனர். இறைவன் இட்ட பணியைச் செய்யும் ஏவலாளே மரணம்; அவன் ஆணையின்றி அவள் எவரையும் கொள்ளாள்; இறைமகனும் அவள் வழியே சென்றான் அன்றோ என்பது அவர் விடை.

இனி, இவ்வழிபாட்டின் மேல் உள்ள கடுங்குற்றச்சாட்டையும் மறைத்தல் ஆகாது. 2012-ஆம் ஆண்டு மார்ச்சில், சொனோரா மாநிலத்து நாக்கோசாரியில் இரு சிறுவரையும் ஒரு பெண்மணியையும் இவட்குப் பலியிட்டனர் என்னும் குற்றத்தின்மேல் எண்மர் கைது செய்யப்பட்டனர். கொடியோர் பலர் தம் கொடுமைக்குக் காவலாக இவளை வேண்டுவதும் உண்மையே. எவரையும் வெறுக்காத தெய்வம் கொலைஞனையும் வெறுக்காது என்பது இவ்வழிபாட்டின் ஆழ்ந்த குறை. ஏனெனில், இன்னது செய், இன்னது செய்யாதே என்று இவள் அடியார்க்கு அறம் விதிப்பதில்லை. வேண்டுதலும் நேர்த்திக்கடனும் உண்டு. ஒழுக்க நெறி இல்லை. பாவியையும் ஏற்றலாகிய இரக்கம் பெரிது. ஏற்ற பின் அவனைத் திருத்துதலும் அன்றோ சமயத்தின் கடமை? இதனை உணர்ந்தோர், அவளைக் காதலிக்கும் எளியோரின் பொருட்டும் இக்குறையைக் கூறியே தீர்வர்.

ஆயினும், ஒரு கூட்டத்தாரின் இழிந்த சிலரைக் கொண்டு அக்கூட்டம் முழுவதையும் அளத்தல் எத்துணைக் கொடிது என்பது நம் சங்கத்தார்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. 1797-இல் எழுதியவர் விசாரணை மன்றத்தார். 1998-இல் எழுதியவர் குற்றச் செய்தி திரட்டியோர். 2009-இல் வந்தோர் கட்டடம் இடிப்போர். இம்மூவகையாரும் தாம் தேடியதையே கண்டனர். அவர் எழுத்தில் வராத பெண்ணை, ஓர் அம்மையாரின் தொகுப்பிலும், அவள் சொல்லைப் பொறுமையுடன் கேட்டு எழுதிய ஒருவரின் நூலிலுமே காண்கின்றோம். கேட்டு எழுதுவோர் இல்லாதிருந்தால் காதறுப்பான் ஒருவனே இவ்வழிபாட்டின் முகமாக நின்றிருப்பான்.

மெக்ஸிகோ ஏழை மக்கள் மரணத்தை வணங்குதற்குத் தாமே கூறும் காரணம் ஒன்றுண்டு. அவள் செல்வனென்றும் வறியனென்றும் பாராள். வெள்ளையனென்றும் கறுப்பனென்றும் பாராள். கைக்கூலி பெற்று எவரையும் விடாள் என்பதே அது. தம் நாட்டு நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் காணாத நடுவுநிலைமையை அவர் மரணத்திடம் கண்டனர். மரணம் ஒன்றே எல்லார்க்கும் சமமாக வழங்கப்படும் நாட்டில், மரணம் தெய்வமாதல் வியப்பன்று. அத்தெய்வத்தை ஒழிக்க விரும்புவோர் ஆலயத்தை இடித்தலினும், உயிரோடு இருக்கும்போதே அந்நடுவுநிலைமையை மக்கட்கு வழங்கும் நீதிமன்றங்களை எழுப்புதல் நன்று.